மாயம்மாளின் பதிமூன்று அடிகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு கொடி இருந்தது. ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. கிடங்கு மாடியில் ஓர் அறையும் இரண்டு பெஞ்சும் இருந்தன. மேசைதான் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து சங்கத்துக்கு மேசை வேண்டும் என்பார்கள். செயலாளர் நாணு அதை மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொள்வார்.

1974 மழைக்காலத்தில் துறைமுகத்தில் கப்பல்காரர்களின் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். நாணு போயிருந்தார். பெரிய மேசை, பச்சை வர்ணம் என்று ஏலக்காரன் சொல்லி முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டார். மேசை வள்ளத்தில் ஏறி இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. மாடியில் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் நடுவே நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கூடவே ஒரு கித்தான் பையில் வலை ஒன்று, மட்டை நான்கு, பந்து ஒரு டஜன்.

கோடு எதற்கு என்று கமிட்டியில் பத்து நிமிஷம் பேச்சு நடந்தது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் உட்காரத்தான் என்றார் ஒருவர்.

"கோடு கிடந்தா எந்தா? மேல நோட்டை வெச்சா தெரியாதில்லே," என்றார் நாணு. கோழிக்கோட்டுப் பக்கத்து மலையாளி. தமிழர்களோடு இருபது வருஷம் பழகி, அவர் பேசுவது எந்த மொழி என்று அவருக்கே நிச்சயமில்லாமல் போயிருந்தது.

அந்தக் கமிட்டியில் பெண்கள் பக்கத்து ஆள் மாயம்மாள். அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூட்டை தூக்க வந்தவர். மாயம்மாள் பிறந்ததும் படித்ததும் மட்டாஞ்சேரியில். ஏழாவது வரை மலையாளப் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு கிடங்கு. மிளகு புடைப்பதில் அவளுக்குச் சமமாக அந்தச் சாலையில் ஆளில்லை. முறத்தை ஒரு வெட்டு வெட்டினாளானால் பதர் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்துகொள்ளும்.

கூட்டம் முடிந்ததும் கித்தான் பையைத் திறந்தவள் அம்மிணி. மாயம்மாளோடு அதே கிடங்கில் சுக்குத் தோல் சீவுகிறவள், நெட்டையான மலையாளிப் பெண். மட்டையை எடுத்துப் பந்தை ஒரே போடாகப் போட்டாள். தன் மூக்குக்கு நேரே வந்த பந்தை மாயம்மாள் மட்டையை முறம் மாதிரி வெட்டித் திருப்பினாள். பந்து வலையைத் தாண்டி அம்மிணியின் பக்கம் விழுந்தது. விழுந்ததும் அம்மிணியிடம் வராமல், வந்த வழியே வலையைப் பார்த்துத் திரும்பியது.

அம்மிணி பந்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு என்னைக் கண்டா பயமா?" என்றாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, வேலை விட்டதும் அரை மணி. கிடங்கு மாடி தாழ்வானது, உத்தரத்தில் தலை இடிக்கும்; பந்தைத் தூக்கி ஆட முடியாது. அம்மிணி அடித்த அடியில் முதல் வாரமே மூன்று பந்து பிளந்தது. அடுத்த வாரம் நான்கு. புதுப் பந்து வாங்க படகேறி எர்ணாகுளம் போக வேண்டும். நாணு கமிட்டியைக் கூட்டி, 'சங்க மேசையில் யாரும் பந்தை ஓங்கி அடிக்கக் கூடாது' என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அம்மிணிக்கு அது பெரிய தண்டனை. மாயம்மாளுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அடிக்கவே தோன்றவில்லை. வந்த பந்தைத் திருப்பி அனுப்புவது, அதுவும் வந்ததைவிடச் சிரமப்படுத்தி அனுப்புவது, இது போதுமானதாக இருந்தது. எதிரே ஆடுகிறவர்கள் கடைசியில் தாங்களாகவே பந்தை வலையில் போட்டுவிட்டு மட்டையைக் கீழே வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் பஜார் ரோட்டில் அவளை ஜெயிக்க ஆண்களிலும் யாருமில்லை.

இதற்குள் அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. புருஷன் காளிமுத்து நகரசபைத் தண்ணீர்ப் பிரிவில் வால்வு திறக்கிறவன். காலையில் ஐந்து மணிக்கும் சாயங்காலம் நான்கு மணிக்கும், ஆள் உயரத்தில் பாதி இருக்கிற இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் குழாய்க்குத் தண்ணீர் விடுவான். பெண்டாட்டி பந்து ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் மாடிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். இறங்கும்போது கேட்டான்.

"ஏளா, நீ அடிக்கவே மாட்டேங்கே. அவங்களா தோத்துட்டுப் போறாங்க. இது என்ன விளையாட்டு?"

"அடிச்சா உடையுதுங்க."

"அதுவும் சரிதான்," என்றான் காளிமுத்து.

*

1978 ஆகஸ்டில் எர்ணாகுளத்தில் ஜில்லாப் போட்டி வந்தது. நாணு யாரையும் கேட்காமல் மாயம்மாளின் பேரை எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்பே ஆங்கிலத்தில் ஒரு விதிப் புத்தகம் வாங்கி, அகராதியும் கையுமாக ராப்பகலாகப் படித்து வைத்திருந்தார்.

"மாயம்மே, சேலை பற்றில்ல. பாவாடையும் அரைக்கைச் சட்டையும் வேணும். முட்டு வரைக்கும். ஒரே நிறம். வெள்ளை மட்டும் பாடில்ல, பந்து வெள்ளையல்லோ."

மாயம்மாளிடம் இருந்த துணிகளிலெல்லாம் பூவோ கட்டமோ போட்டிருந்தது. சங்கத்துக்குப் பக்கத்தில் குடை பழுது பார்க்கிற கடை. கடையோடு தையல் மெஷினும் வைத்திருந்த அங்கம்மாள் என்ற பெண்மணி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "குடைத் துணி இருக்கு. நல்ல கறுப்பு. சாயம் போகாது. வேர்த்தாலும் நனையாது."

அப்படியே பாவாடை தைத்தாயிற்று. நனையவில்லைதான். ஆனால் நடந்தால் சரசரவென்று சத்தம் போட்டது. ஓடினால் மழைக்காலத்தில் நான்கு பேர் ஒன்றாகக் குடையை விரிக்கிற மாதிரி இருந்தது.

ஜில்லாப் போட்டியில் எதிரே வந்தது ஒரு வங்கி அதிகாரியின் மகள். அந்தப் பெண்ணும் அவசரப்படாதவள். இவள் வெட்டி அனுப்ப, அவள் மெல்லத் தள்ள, பந்து போவதும் வருவதுமாக இருந்தது. பார்த்தவர்களில் ஒருவர் போய்ச் சாயா குடித்துவிட்டு வந்தார். அதே புள்ளிதான் நடந்துகொண்டிருந்தது. பதினைந்து நிமிஷம் ஆனதும் அம்பயர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இன்னொருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பந்து போய் வரும்போதெல்லாம் 'ஒன், டூ, த்ரீ' என்று சத்தமாக எண்ணத் தொடங்கினார்.

மாயம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன் இப்படித்தான் எண்ணுவான். அவன் நிறுத்துவதற்குள் லாரி நிறைந்தாக வேண்டும். இங்கேயும் எண்ணி முடிப்பதற்குள் எதையோ முடிக்கவேண்டும் போல என்று நினைத்துக்கொண்டாள். வந்த பந்தையெல்லாம் வாழ்க்கையில் முதல்முறையாக ஓங்கி அடித்தாள். ஒன்று வலையில். ஒன்று ஜன்னலில். ஒன்று எண்ணுகிற மனிதரின் தோளில். அவர் அசையாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் தோற்று வெளியே வந்தாள்.

வராந்தாவில் காளிமுத்து நின்றிருந்தான். "அந்தாளு எதுக்கு எண்ணுதான்?"

"தெரியலீங்க."

இரண்டு பேரும் நாணுவைப் பார்த்தார்கள். நாணு புத்தகத்தைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சங்க அறையில் விஷயம் தெரிந்தது. விதிப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் மழை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ராப்பகலாகப் படித்தவர் அதை ஒரே பக்கமென்று நினைத்துத் திருப்பிவிட்டிருந்தார். சூடான சாயா கிளாசின் ஆவியில் காட்டி, சவர பிளேடால் மெல்லப் பிரித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் சுண்டியது.

"எக்ஸ்பிடைட்," என்றார். "ஒரு கேம் பதினஞ்சு நிமிஷத்தில தீரலேன்னா இது வரும். பிறகு ஒவ்வொரு பாயிண்டுக்கும் சர்வீஸ் மாறும். சர்வீஸ் போடறவங்க சீக்கிரம் ஜெயிக்கணும். எதிரே நிக்கறவங்க பதிமூணு தடவை பந்தைத் திருப்பி அனுப்பிட்டா, பாயிண்ட் அவங்களுக்கு."

காளிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தான். வால்வு திறக்கிறவனுக்கு எது எங்கே அடைபடும், எங்கே திறக்கும் என்று பார்க்கிற பழக்கம் இருந்தது.

"அப்போ அவ சர்வீஸ் போட்டா நீ சும்மா திருப்பி அனுப்பு. பதிமூணு. அது உனக்குக் கைவந்த வேலை. நீ சர்வீஸ் போடும்போது மட்டும் ஒரு அடி அடிக்கணும். ஒரே அடி."

"அந்த ஒண்ணுதான் எனக்கு வராதே," என்றாள் மாயம்மாள்.

"நீ அடிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டதாரு?" என்று கேட்டுவிட்டு அம்மிணி நாணுவைப் பார்த்த பார்வையில், அவர் சாயா கிளாசை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

*

டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. ஏலூரில் ஒரு ரசாயனக் கம்பெனி பெண்கள் டேபிள் டென்னிஸ் அணி அமைக்கப் போகிறது. ஜனவரி கடைசியில் களமசேரியில் மாநிலப் போட்டிக்கான தகுதிச்சுற்று. மூன்று ஆட்டம் ஜெயித்து மாநிலப் போட்டிக்குள் நுழைகிற பெண்களைக் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ஆட்டமே வேலை, மீதி நேரத்துக்கு ஸ்டோரில் ஒரு நாற்காலி. வயது இருபத்தெட்டு நிறையக் கூடாது. மாயம்மாளுக்கு மார்ச்சில் இருபத்தெட்டு.

"இந்த ஒரு தடவைதான்," என்றாள் அவள்.

முதலில் பழைய தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டியிருந்தது. கமிட்டி கூடியது. ஓங்கி அடிப்பதை அனுமதித்தால் பந்துச் செலவு என்னாகும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கடைசியில் 'தோழர் மாயம்மாள் மட்டும், ஜனவரி முடிய, ஓங்கி அடிக்கலாம்' என்று எழுதினார்கள். அம்மிணி பேரும் சேர்க்க வேண்டும் என்று அம்மிணியே திருத்தம் கொண்டுவந்தாள். தோற்றது.

அடுத்தது எண்ணிக்கை. மாயம்மாளுக்கு மலையாளத்தில் எண்ணத் தெரியும், தமிழில் தெரியும். இங்கிலீஷில் பத்தோடு நின்றுவிட்டது. காளிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து எண்ணுகிற ஆளானான். அவனுக்கும் பத்துக்கு மேல் தடுமாற்றம். 'டென், ட்வெல்வ், லெவன், தர்ட்டீன்' என்று எண்ணுவான். நாணு திருத்துவார். காளிமுத்து ஒத்துக்கொள்ள மாட்டான்.

"ரெண்டையும் சொல்லியாச்சுல்ல? கணக்கு சரியாத்தானே வருது?"

ஓட்டப் பயிற்சியும் வேண்டும் என்று நாணுவின் புத்தகம் சொன்னது. கால் ஓயாமல் அரை மணி நிற்க வேண்டும். மாயம்மாளுக்கு ஓட நேரம் ஏது? விடிகாலையில் காளிமுத்து வால்வு திறக்கப் போகும்போது கூடவே போவதென்று முடிவாயிற்று. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு அவள் ஓடுவாள். அவன் பின்னாலேயே வேகமாக நடந்து வருவான். அவள் அங்கே நின்று மூச்சு வாங்குவதற்குள் வந்து திறப்பான்.

மூன்றாம் நாள் காலையில் குழாயடியில் குடத்தோடு நின்ற பேச்சியம்மாள் கண்ணில் இது பட்டது. பேச்சியம்மாள் மீன் கூடை சுமக்கிறவள்; நல்ல கனத்த கை. அவள் கண்டது இவ்வளவுதான்: தலைமுடி கலைந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாயம்மாள் தெருவில் ஓடுகிறாள்; பின்னால் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு புருஷன் விரட்டி வருகிறான். பேச்சியம்மாள் யோசிக்கவில்லை. நேற்றுப் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு குடம் இருந்தது. காளிமுத்து பக்கத்தில் வந்ததும் தலையோடு ஊற்றிவிட்டாள்.

"பொட்டச்சிய இரும்பால அடிக்க வாரியோ. நீ ஓடு மாயம், இவனை நான் பாத்துக்கிடுதேன்."

காளிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவதான் ஓடணும்னு சொன்னா. நான் தண்ணி விட வந்தேன்."

மாயம்மாள் திரும்பி ஓடி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். பந்தாட்டம், ஏலூர், பதிமூன்று. பேச்சியம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ தினமும் ஓடுவியா?" என்றாள்.

"ஜனவரி முடிய."

"சரி. அவன் கொஞ்சம் தள்ளி வரட்டும். பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க."

ஓட்டம் இப்படி ஒரு வழிக்கு வந்தது. அடிதான் வரவில்லை. அம்மிணி உயர்த்திப் போட்டுக் கொடுப்பாள். மாயம்மாள் மட்டையை ஓங்குவாள். பந்து பக்கத்தில் வந்ததும் கை தானாகத் தணிந்து பந்தை வெட்டிவிடும். நாலு வருஷமாக ஒரு பந்தையும் உடைக்காத கை.

"கோபம் வேணும்," என்றாள் அம்மிணி. "எனக்கு பந்தைக் கண்டாலே எங்க மேஸ்திரி முகம் தோணும். நீ யாரையெங்கிலும் நெனைச்சுக்கோ."

மாயம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மேஸ்திரியை நினைத்துப் பார்த்தாள். போன மாதம் அவர் மகளுக்கு அம்மை போட்டிருந்ததுதான் ஞாபகம் வந்தது. பந்து வலையில் விழுந்தது. பிறகு நாணுவை நினைத்தாள். ஒட்டிக்கொண்ட பக்கங்களையும், ஆவியில் காட்டிப் பிரித்தபோது அவர் முகம் போன போக்கையும் நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. பந்து தரையில் விழுந்தது.

ஜனவரி பத்து வரைக்கும் இப்படியே போயிற்று. ஒருநாள் மத்தியானம் அம்மிணி பந்தைப் போடாமல் மாயம்மாளின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ எந்தினா இரண்டு காலையும் நட்டு வெச்சிருக்கே? மிளகு புடைக்கவா நிக்கறே?"

உண்மைதான். புடைக்கிறவள் காலை ஊன்றித்தான் நிற்பாள்; நகர்ந்தால் மிளகு சிந்தும். அம்மிணி சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தன்னுடைய கால் நிற்கிற இடத்தைத் தரையில் வரைந்தாள். அடிக்கிறதற்கு முன்பு இடது கால் எங்கே போகிறது என்று இன்னொன்றும் வரைந்தாள். அவள் கால் பெரியது. மாயம்மாள் அந்தத் தடத்துக்குள் தன் காலை வைத்துப் பார்த்தாள். மேசைக்கு ஓர் அடி பக்கத்தில் வந்துவிட்டாள். பந்து வந்தது. இடது கால் முன்னே போனது. கை தணிய இடமில்லாமல் நேராக வந்து இறங்கியது.

பந்து மறுபக்கம் பட்டு, சுவரில் பட்டு, உத்தரத்தில் பட்டு, நாணு மேல் விழுந்தது. பிளந்திருந்தது.

நாணு அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "தீர்மானத்தின் பிரகாரம்தான்," என்றார்.

அன்றைக்கு ஐம்பது அடித்ததில் பதினெட்டு மேசையில் விழுந்தது. மாத முடிவில் முப்பதைத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

*

தகுதிச்சுற்று நாளன்று காலையில் தண்ணீர் விட்டுவிட்டு, காளிமுத்து நேராகப் படகுத்துறைக்கு வந்தான். சாயங்காலம் நான்கு மணி வால்வுக்கு நேராகப் போகலாமென்று இரும்புச் சாவியையும் கையோடு கொண்டுவந்திருந்தான். படகு, பிறகு எர்ணாகுளத்திலிருந்து பஸ். களமசேரி வளாக வாசலில் காவல்காரர் சாவியைப் பார்த்துவிட்டு உள்ளே விட மாட்டேன் என்றார். அது என்ன விளையாட்டுச் சாமான் என்று கேட்டார்.

"தண்ணி சாவி," என்றான் காளிமுத்து.

கடைசியில் சாவி வாசலிலேயே சாய்த்து வைக்கப்பட்டது. காளிமுத்து உள்ளே போனான்.

முதல் ஆட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. எதிரே ஆடிய பெண் பந்து பின்னால் ஓடுவதைக் கண்டு மிரண்டு போனாள். இரண்டாவது ஆட்டத்தில் திருச்சூர்ப் பெண் ஒருத்தி நடுவில் மட்டையை வைத்துவிட்டு அம்பயரிடம் புகார் சொன்னாள்: எதிர் ஆட்டக்காரியின் பாவாடை சத்தம் போடுகிறது, கவனம் சிதறுகிறது.

அம்பயர் முதிர்ந்த மனிதர். மாயம்மாளைக் கொஞ்சம் நடக்கச் சொன்னார். நடந்தாள். ஓடச் சொன்னார். ஓடினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு விதிப் புத்தகத்தில் நிறத்தைப் பற்றித்தான் இருக்கிறது, சத்தத்தைப் பற்றி ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண் அதற்குப் பிறகு பந்தைவிடப் பாவாடையைத்தான் அதிகம் கேட்டாள். தோற்றாள்.

மூன்றாவது ஆட்டம் இரண்டே முக்கால் மணிக்குத் தொடங்கியது. எதிரே கோட்டயத்துக் கல்லூரிப் பெண், வெளிநாட்டு மட்டை, பக்கத்தில் கோச் ஒருவர். மாயம்மாளைப் போலவே பொறுமைசாலி. அடிக்கவும் தெரியும். முதல் கேமை இருபத்தொன்றுக்குப் பதினெட்டு என்று எடுத்துக்கொண்டாள். இரண்டாவது கேமில் பதினாறுக்குப் பதினாறு வரும்போது அம்பயர் கையை உயர்த்தினார். எண்ணுகிறவர் நாற்காலியோடு வந்தார்.

காளிமுத்து கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றேகால். இப்போது கிளம்பினால்தான் நான்கரைக்காவது மட்டாஞ்சேரி போகலாம். எழுந்து கதவு வரைக்கும் போனான். 'ஒன்' என்று கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.

கோட்டயத்துப் பெண் சர்வீஸ் போட்டாள். மாயம்மாள் வெட்டினாள், வெட்டினாள், வெட்டினாள். எண்ணிக்கை ஏற ஏற அந்தப் பெண் வேகம் கூட்டினாள். பத்தில் ஒரு பந்து மேசை ஓரத்துக்கு ஓடியது. குடைப் பாவாடை சரசரக்க ஓடி எடுத்தாள். 'லெவன், ட்வெல்வ்' என்றார் எண்ணுகிறவர். காளிமுத்துவுக்கு ஒரு கணம் தப்பாக எண்ணுகிறாரோ என்றிருந்தது. 'தர்ட்டீன்.' புள்ளி மாயம்மாளுக்கு.

அடுத்தது இவள் சர்வீஸ். உயரமாக ஒரு பந்து வந்தது. இடது காலை முன்னே வைத்து அடித்தாள். வலை. அடுத்து அவள் போட்டாள், பதிமூன்றுக்கு இழுத்து இவள் எடுத்தாள். இவள் போட்டாள், அடித்தாள், வெளியே போனது. இப்படியே ஆளுக்கு ஒன்றாக இருபதுக்கு இருபது வந்து நின்றது. இனி இரண்டு புள்ளி முன்னே போனால்தான் ஜெயிக்கலாம். மாயம்மாளுக்குச் சேலையென்றால் முந்தானையில் முகத்தைத் துடைத்திருப்பாள். குடைத் துணி ஒன்றுக்கும் உதவவில்லை. கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

கோட்டயத்துப் பெண் போட்டாள், பதிமூன்று, இருபத்தொன்று. இப்போது மாயம்மாளின் சர்வீஸ். நான்காவது பந்து கொஞ்சம் தூக்கலாக வந்தது. தரையில் கோடு எதுவுமில்லை. ஆனாலும் கால் போக வேண்டிய இடம் அதற்குத் தெரிந்திருந்தது. அடித்தாள். அந்தப் பெண் மட்டையை நீட்டுவதற்குள் பந்து தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது.

மூன்றாவது கேம் முழுக்க எண்ணிக்கையோடுதான் நடந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு சர்வீசிலும் பதிமூன்று அடிக்குள் ஒரு சுவரை உடைக்க வேண்டியிருந்தது. அவள் கை ஓய்ந்துவிட்டது. இருபதுக்குப் பதினெட்டு என்று இருந்தபோது மாயம்மாள் அடித்த அடி சரியான அடியில்லை. பந்து வெளியே போகிற மாதிரி போய், மேசை விளிம்பைத் தொட்டுத் திசை மாறிக் கீழே விழுந்தது. கோச் எழுந்து, பந்து வெளியே என்றார். அம்பயர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"விளிம்பில் பட்டது," என்றாள் கோட்டயத்துப் பெண். கோச் உட்கார்ந்துவிட்டார். அவள் மேசையைச் சுற்றி வந்து கை கொடுத்தாள். "சேச்சி, அந்தப் பாவாடை எங்கே தைச்சீங்க?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

மணி நாலரை.

அவர்கள் படகிறங்கும்போது ஆறாகிவிட்டது. முதல் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. குடங்களுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள். முன்னால் பேச்சியம்மாள். காளிமுத்து சாவியோடு ஓட, மாயம்மாள் கறுப்புப் பாவாடையோடு பக்கத்திலேயே ஓடி வந்தாள்.

"ரெண்டு மணி நேரமா நிக்கோம்," என்றாள் பேச்சியம்மாள்.

"ஜெயிச்சிட்டேன் அக்கா," என்றாள் மாயம்மாள், மூச்சு வாங்க.

பேச்சியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஜெயிச்சிட்டாளாம்," என்றாள். தண்ணீர் வந்தது. திட்டினவர்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டே திட்டினார்கள்.

இருந்தாலும் யாரோ ஒருவர் புகார் எழுதிப் போட்டுவிட்டார். ஏன் தாமதம் என்று காளிமுத்துவுக்கு மெமோ வந்தது. நாணு உட்கார்ந்து பதில் எழுதினார்: 'அன்று மாலை என் மனைவி பதிமூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததால் நான் எழுந்து வர முடியவில்லை.' மேலதிகாரி இதை இரண்டு தடவை படித்துவிட்டு, இவனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று எண்ணி, மூன்று மாதம் மீட்டர் படிக்கிற வேலைக்கு மாற்றினார். அது நிழலில் நடந்து வீட்டுக்கு வீடு சாயா குடிக்கிற வேலை. காளிமுத்து அதற்குப் பிறகு வால்வைத் திரும்பக் கேட்கவே இல்லை.

மாநிலப் போட்டியில் மாயம்மாள் முதல் சுற்றிலேயே தோற்றாள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, எதிரே நிற்பது யாரென்றே பார்க்காமல், பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். எண்ணுகிறவருக்கு வேலையே வரவில்லை. ஆனால் கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. பிப்ரவரி கடைசி வாரத்தில், வயது நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது, ஏலூரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மர மேசை மூன்று, சிமெண்டுத் தரைக்கு மேல் பலகைத் தரை, பந்து பெட்டி பெட்டியாக. காலையில் ஆட்டம், மத்தியானத்துக்கு மேல் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பது. ஏழு வருஷம் கம்பெனிக்காக ஆடினாள். பெரிய பட்டம் ஒன்றும் வரவில்லை. அவளிடம் ஆட வேண்டியிருக்கிறது என்றால் மற்ற அணிக்காரர்கள் முந்தின நாளே அலுத்துக்கொள்வார்கள் என்று மட்டும் பேர் இருந்தது.

1985-இல் கம்பெனிகளுக்கு இடையேயான போட்டி கோயம்புத்தூரில் நடந்தது. மாயம்மாள் அணித் தலைவி. தொடக்க விழாவில் வெளியூர் அணிகள் சார்பாகத் தமிழ் தெரிந்த ஒருவர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அணிப் பெண்கள் அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள். விழாக்காரர் அழகாகத் தமிழில் எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்தார். மாயம்மாள் அதைப் பார்த்தாள். எழுத்துகள் எல்லாம் தெரிந்த மாதிரியும் இருந்தன, தெரியாத மாதிரியும் இருந்தன. தமிழ் பேசி வளர்ந்தவள்தான். எழுதப் படிக்கக் கற்றது மலையாளம்.

விழாக்காரரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய், "ஐயா, நீங்க மெல்லப் படியுங்க," என்றாள். அவர் படிக்கப் படிக்க, தாளின் பின்பக்கத்தில் மலையாள எழுத்தில் அதை எழுதிக்கொண்டாள். மேடையேறித் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தட்டாமல் தடுக்காமல் முழுவதும் வாசித்தாள். கை தட்டினார்கள்.

இறங்கி வரும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார். "ஏம்மா, கேரளாவிலிருந்து வந்திருக்கீங்க, எவ்வளவு நல்லாத் தமிழ் படிக்கிறீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

மாயம்மாள் தாளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்க வந்துதான் சார்," என்றாள். "ஒரு கால் மணி நேரம் ஆச்சு."